பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் திரவம்: மாற்றலாமா, தொடவே கூடாதா?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கியவர், கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டுமா என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமான பதில் வரும். அது ஆயுள் முழுக்க உழைக்கும், தொடாதீர்கள் என்பார் ஒருவர். இத்தனை வருடம் மாற்றாததை இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்பார் இன்னொருவர். மெஷினை மாட்டி மொத்தத்தையும் கழுவி எடுத்துவிடலாம் என்பார் மூன்றாமவர். எஞ்சின் ஆயில் மாற்றுவது போலத்தான், போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டுப் புதிதை ஊற்றினால் வேலை முடிந்தது என்பார் நான்காமவர்.

நால்வர் சொல்வதிலும் ஏதோ ஒரு மூலையில் உண்மை இருக்கிறது. ஆனால் நால்வருமே அந்தத் திரவத்தை, பல்சக்கரங்கள் உராயாமல் இருக்க ஊற்றும் வெறும் எண்ணெயாக நினைத்துப் பேசுகிறார்கள். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் அந்தச் சிவப்புத் திரவம் பல்சக்கரங்களைப் போல வேலை செய்யும் ஓர் உறுப்பு. எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும் அதுதான், கிளட்ச்சை அழுத்துவதும் அதுதான். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் எப்போது மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது, எதை ஊற்றுவது என்பவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகிவிடும்.

முதலில், எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டிகளையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். உள்ளே இருக்கும் பெட்டிகள் வேறு வேறு. 2014இல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை இயக்கவும் கியரை மாற்றவும் ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். கியர் பகுதியில் இருப்பது மேனுவல் கியர் ஆயில். சிவிடி என்ற வகையில் இரும்புப் பெல்ட்டும் அகலம் மாறும் கப்பிகளும் இருக்கின்றன. அதற்கென்று தனித் திரவம் உண்டு. இரட்டைக் கிளட்ச் பெட்டி இன்னொரு வகை.

ஒரே பெயரில் விற்ற கார்களில்கூட இது மாறும். ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த தலைமுறையின் ஆட்டோமேட்டிக் சிவிடி. 2008 இறுதியில் வந்த தலைமுறையில் 5 கியர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக். 2014இல் வந்ததில் மறுபடியும் சிவிடி. "சிட்டி ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் வேண்டும்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் தவறான டப்பா கைக்கு வர எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இந்தக் கட்டுரை, எஞ்சின் சக்தியைத் திரவத்தின் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்கைப் பற்றியது. எடுத்துக்காட்டாக 2003 முதல் 2008 வரை இந்தியாவில் விற்ற டொயோட்டா கொரோலாவை வைத்துக்கொள்கிறேன். 4 கியர், அளவு பார்க்க டிப்ஸ்டிக், வடிக்க அடியில் ஒரு போல்ட் என்று எல்லாம் கைக்கு எட்டும்படி இருக்கும் பெட்டி அது. வீட்டில் முதன்முதலாக இந்த வேலையில் இறங்குபவருக்கு இப்படிப்பட்ட வண்டிதான் தோது.

மத்தும் பானையும்

மோர் கடையும்போது மத்து பானையைத் தொடுவதில்லை. இருந்தாலும் பானையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதுவும் மத்தோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். மத்து தயிரைச் சுழற்றுகிறது. சுழலும் தயிர் பானையை இழுக்கிறது. பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாலும் மத்து நின்றுவிடாது, தயிர் கலங்கிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டர் வேலை செய்வது இப்படித்தான். டார்க் என்றால் ஒரு தண்டைத் திருகும் விசை. உருண்டையான ஓர் இரும்புக் கூட்டுக்குள், எதிரெதிராக இரண்டு இறக்கைச் சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது, அது மத்து. மற்றது கியர்பாக்ஸின் தண்டோடு இணைந்தது, அது பானை. நடுவில் தயிர் இருக்கும் இடத்தில் ஏடிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆட்டோமேட்டிக் கியர் திரவம் நிறைந்திருக்கிறது. சிக்னலில் டி-யில் (டிரைவ்) வைத்துப் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறீர்கள்: பானையைப் பிடித்துக்கொண்டாயிற்று, மத்து சுழன்றுகொண்டே இருக்கிறது, எஞ்சின் அணையவில்லை. காலை எடுத்ததும் பானை மெல்லத் திரும்புகிறது, கார் தானாக ஊர்கிறது.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சிறு சக்கரம் ஒன்று உண்டு. திரும்பி வரும் திரவத்தின் போக்கை மடக்கி, எஞ்சின் பக்கத்துச் சக்கரத்துக்கே உதவியாகத் தள்ளிவிடுவது அதன் வேலை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரத்தில் திருகு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காவது இதனால்தான். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் லாக்கப் கிளட்ச் என்ற ஒரு தட்டு இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும்; அதற்கப்புறம் வழுக்கலும் இல்லை, எரிபொருள் வீணாவதும் குறைவு.

இதன் மூலக் கருத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். அவர் யோசித்தது கார்களுக்காக அன்று, கப்பல்களுக்காக. பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல்களில் வந்தது. அதிலும் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே திரவ இணைப்புத்தான்.

கியரை மாற்றும் கை

டார்க் கன்வெர்ட்டருக்கு அடுத்து இருப்பது கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் சிறு பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்த ஒரு பல்வளையம். இந்த மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து முதல் கியர், இரண்டாம் கியர், ரிவர்ஸ் எல்லாம் கிடைக்கின்றன. மேனுவல் பெட்டியைப் போலப் பல்சக்கரங்கள் இடம் நகர்வதில்லை.

அப்படியானால் பிடித்து நிறுத்துவது யார்? கிளட்ச் அடுக்குகள். எஃகுத் தட்டு, உராய்வுத் தட்டு, மறுபடி எஃகுத் தட்டு என்று மாறி மாறி அடுக்கி, முழுவதும் திரவத்தில் நனைந்தபடி இருக்கும் தொகுதி இது. உராய்வுத் தட்டின் மேற்பூச்சு, பிசினில் ஊறிய காகிதம் போன்ற நார்ப்பொருள். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. முழுக் காரின் எடையையும் இழுத்துக்கொண்டு மலையேறுவது இந்த மெல்லிய நார்ப்பூச்சின் பிடிமானத்தில்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தட்டுகிறது.

அந்த அடுக்கை அழுத்துவது திரவத்தின் அழுத்தம். எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஒரு பம்ப், பெட்டியின் அடியில் திரவம் தேங்கும் அடித்தட்டிலிருந்து அதை உறிஞ்சி அழுத்தத்தோடு அனுப்புகிறது. வால்வு பாடி என்று மெக்கானிக்குகள் சொல்லும் அலுமினியப் பலகையில் புழுத் துளைகளாக ஓடும் கால்வாய்கள், எந்த அடுக்குக்கு எப்போது திரவம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2ஆம் கியரிலிருந்து 3ஆம் கியருக்கு மாறும் அந்த அரை விநாடியில் ஓர் அடுக்கிலிருந்து திரவம் வடிகிறது, இன்னோர் அடுக்கில் நிறைகிறது.

இங்கே திரவத்திடம் எதிரெதிரான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். தட்டுகள் நெருங்கும்போது குலுக்கல் இல்லாமல் வழுக்க வேண்டும். நெருங்கிய பின் வழுக்காமல் கவ்வ வேண்டும். சாதாரண எண்ணெயால் இது முடியாது. உராய்வு மாற்றிகள் எனப்படும் சேர்மானப் பொருட்களைக் கலந்துதான் இந்தக் குணத்தை வரவழைக்கிறார்கள். இந்தச் சேர்மானம் தீர்ந்துபோவதுதான் திரவம் "பழையதாகிவிட்டது" என்பதன் பெரும்பகுதி.

இதுவரை பார்த்தது இவ்வளவு. ஏடிஎஃப் சக்தியைக் கடத்துகிறது, அழுத்தம் கொடுத்துக் கிளட்ச் அடுக்குகளை இயக்குகிறது, அந்த அடுக்குகள் எப்படி வழுக்க வேண்டும், எப்படிக் கவ்வ வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. உயவும் குளிர்ச்சியும் இவற்றோடு சேர்ந்த கூடுதல் வேலைகள்.

எது அதைக் கெடுக்கிறது?

சூடு. பானையைப் பிடித்துக்கொண்டு மத்தைச் சுழற்றினால் அந்த உழைப்பெல்லாம் தயிருக்குள் சூடாகத்தானே போகும்? நெரிசலில் அடிக்கு அடி நின்று கிளம்பும் வண்டியில் நடப்பது அதுதான். மே மாதத்தில் அண்ணா சாலையில் ஊரும் காரும், நாலு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏறும் காரும் கியர் திரவத்தைக் காய்ச்சி எடுத்துவிடும். நெடுஞ்சாலையில் லாக்கப் கிளட்ச் பூட்டிய நிலையில் ஓடும் காருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. இரண்டு கார்களிலும் மீட்டர் ஒரே கிலோமீட்டரைக் காட்டலாம், திரவத்தின் வயது ஒன்றாக இருக்காது.

வழக்கமாக இந்தத் திரவம் 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. கூடவே, தட்டுகளிலிருந்து உதிரும் நார்த்தூளும் உலோகத் தூளும் சேர்கின்றன. பாகுத்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகள் பல்சக்கரங்களுக்கு இடையில் நசுங்கி அறுபடுகின்றன.

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சுக்கு இங்கே பதில் இருக்கிறது. பல கார் நிறுவனங்கள் அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் பிஎம்டபிள்யூ உட்படப் பல நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டிகளைச் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இஸட்எஃப் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் திரவத்தை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவரின் பேச்சை நான் நம்புவேன். கார் நிறுவனம் மனதில் வைத்திருக்கும் ஆயுளும், அந்தக் காரை மூன்றாவது ஆளாக வாங்கி இன்னும் பத்து வருடம் ஓட்ட நினைப்பவர் மனதில் இருக்கும் ஆயுளும் ஒன்றல்ல.

உங்கள் வண்டியின் திரவம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாள் போதும். டிப்ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டைத் தாளில் விடுங்கள். புதிய ஏடிஎஃப் பளிச்சென்று சிவப்பாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். சிவப்பு வெறும் சாயம்தான். கசிவு வந்தால் எஞ்சின் ஆயிலா, இதுவா என்று தெரிவதற்காகச் சேர்ப்பது. அது பழுப்பாவதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. சொட்டைச் சுற்றித் தாளில் பரவும் ஈரத்தைப் பாருங்கள். மெல்லிய பழுப்பு வட்டமாகப் பரவினால் வயதான திரவம், மாற்றிக்கொள்ளலாம். நடுவில் கரிய புள்ளி தேங்கி, மணலைப் போல நெருடி, கருகிய வாடை அடித்தால் நார்ப்பூச்சு எரிந்திருக்கிறது என்று பொருள். இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. தண்ணீர் பட்டால் அந்தக் காகிதப் பூச்சு தட்டிலிருந்து உரிந்துவிடும்.

மாற்றினால் கெட்டுவிடும் என்ற பயம்

இந்தப் பயம் வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க மாட்டேன். திரவம் மாற்றிய சில வாரத்தில் கியர்பாக்ஸ் போன வண்டிகள் நிஜமாகவே உண்டு. ஆனால் அந்த வண்டிகளின் உரிமையாளர்கள் எப்போது மாற்றினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு, அதைச் சரிசெய்யும் கடைசி முயற்சியாக மாற்றியிருப்பார்கள். தேய்ந்த நார்ப்பூச்சு புதிய திரவத்தால் வளராது. போகவிருந்த பெட்டி போயிற்று. பழி கடைசியாகத் தொட்டதன் மேல் விழுந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தவறான வகைத் திரவத்தை ஊற்றியது, அளவைச் சரியாகப் பார்க்காதது, அல்லது பல வருட அழுக்கு படிந்த பெட்டியில் மெஷினை மாட்டி வேகமாகத் திரவத்தைப் பாய்ச்சிப் படிந்திருந்ததைக் கிளப்பிவிட்டது. கிளம்பிய தூள் வால்வு பாடியின் நுண்ணிய துளைகளில் போய் அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவையெல்லாம் மாற்றிய முறையின் கோளாறுகள்.

ஆகவே நான் வைக்கும் கோடு இது: வண்டி இன்று ஒழுங்காகக் கியர் மாற்றுகிறது, திரவம் பழுப்பாக இருக்கிறது என்றால் மாற்றுங்கள், மெதுவாக, வடித்து ஊற்றும் முறையில். ஏற்கெனவே வழுக்குகிறது, கருகிய வாடை அடிக்கிறது என்றால் வீட்டில் கை வைக்க வேண்டாம். முதலில் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.

வடித்தால் எல்லாம் வந்துவிடுமா?

வராது. எஞ்சின் ஆயில் மாற்றிப் பழகியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். போல்ட்டைக் கழற்றினால் அடித்தட்டில் தேங்கியிருப்பது மட்டுமே வெளியே வரும். டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குளிர்விப்பான் குழாய்களிலும் இருப்பது அங்கேயே நின்றுவிடும்.

மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர், ஒரு தடவை வடிப்பது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொரோலா போன்ற வண்டிகளுக்கு இது உண்மைக்கு நெருக்கமான கணக்கு. முதல் முறை மாற்றியதும் உள்ளே இருப்பதில் 43 விழுக்காடுதான் புதிது. கொஞ்சம் ஓட்டி நன்றாகக் கலந்த பிறகு மறுபடி 3 லிட்டரை வடித்தால், வெளியே போவதில் புதியதும் கொஞ்சம் போகும். ஆனாலும் புதிதின் பங்கு 67 விழுக்காடாக உயரும். மூன்றாவது முறையில் 81. நான்காவது முறைக்கு ஆகும் செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்பது என் கருத்து.

பல வருடம் மாற்றாத வண்டிக்கு இந்தப் படிப்படியான முறையே நல்லது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பெட்டி புதிய திரவத்துக்கு மெல்லப் பழகும். ஒவ்வொரு முறையும் வடியும் திரவத்தைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியும்.

சிவப்பெல்லாம் ஒன்றல்ல

கடையில் நாலு டப்பாக்களில் இருப்பதை நாலு கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் வித்தியாசம் தெரியாது. வேலையில் தெரியும். அந்தத் தலைமுறைக் கொரோலாவுக்கு டொயோட்டா சொல்வது டைப் டி-4. பழைய ஹூண்டாய் ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றுக்கு எஸ்பி-3. ஹோண்டா முன்பு இஸட்-1 என்ற திரவத்தைச் சொன்னது, பிறகு அதற்குப் பதிலாக டிடபிள்யூ-1 வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வழியில் வந்தவை டெக்ஸ்ரான் வகைகள். ஒவ்வொன்றிலும் உராய்வு மாற்றிகளின் சேர்மானம் வேறு. பொருந்தாததை ஊற்றினால் லாக்கப் கிளட்ச் சீராகக் கவ்வாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்போது ஸ்டீயரிங்கிலும் காலடியிலும் ஒரு நடுக்கமாக அதை உணரலாம்.

இந்தச் சேர்மானம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய செய்தி. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் திரவங்களில் உராய்வு மாற்றியாகச் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். அந்தத் திமிங்கலம் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்து அதன் எண்ணெய் தடைசெய்யப்பட்டதும், அதே குணத்தைச் செயற்கையாகக் கொண்டுவர வேதியியலாளர்கள் படாத பாடு பட்டார்கள். கியர் மென்மையாக மாறுவதற்காக அத்தனை உயிர்கள் போயின என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எந்த வகை என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். காரின் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். எஞ்சின் ஆயிலோ, மேனுவல் பெட்டிக்கான 90 ஆயிலோ ஒரு சொட்டுகூட இதில் சேரக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம்

சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புக வேண்டாம். ஸ்டாண்டுகள் போட்டு, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒரு முறை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் திரவம் இளகி நன்றாக வடியும். நீண்ட தூரம் ஓட்டி வந்தவுடன் திறக்காதீர்கள். அந்தச் சூடு கையைப் பொசுக்கிவிடும்.

போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: திரும்ப ஊற்றும் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கொரோலாவில் டிப்ஸ்டிக் நுழையும் குழாய் வழியாகவே ஊற்ற வேண்டும். அதற்குள் போகும் மெல்லிய, நீளமான புனல் தேவை. சில கார்களில் ஊற்றுவதற்குத் தனியே ஒரு போல்ட் இருக்கும், அது வருடக்கணக்கில் திறக்காமல் இறுகியிருக்கும். வடித்த பிறகு அது திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அடியில் இரண்டு வடிகால் போல்ட்கள் தெரியும். ஒன்று எஞ்சினுடையது, மற்றது கியர்பாக்ஸுடையது. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, கியர் திரவத்தை வடித்துவிட்டு எஞ்சினில் கூடுதலாக ஆயில் ஊற்றியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரே சமயத்தில் இரண்டுக்கும் ஆபத்து. கொரோலாவில் கியர்பாக்ஸ் காரின் இடப் பக்கம் இருக்கிறது. அகலமான, தட்டையான அடித்தட்டில் அதன் போல்ட்டைக் காணலாம். மெல்லத் தளர்த்தி முதல் சில சொட்டுகளைப் பாருங்கள். எஞ்சின் ஆயிலைவிட நீர்த்ததாக, சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் சரியான இடம்.

வடிவதை அளவு குறித்த பாத்திரத்தில் பிடியுங்கள். இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான எண் அதுதான்: எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவே உள்ளே போக வேண்டும். பழைய திரவம் ஆறட்டும். ஆறிய பின் அளந்தால் கணக்குச் சரியாக வரும். சூட்டில் எண்ணெய் விரியும். அறை வெப்பத்திலிருந்து 80, 90 டிகிரிக்குப் போகும்போது 7 லிட்டர் திரவம் கால் லிட்டருக்கும் மேல் பெருகும். டிப்ஸ்டிக்கில் சூட்டுக்கு ஒரு குறியும் குளிருக்கு ஒரு குறியும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு, கையேடு சொல்லும் இறுக்கத்தில் முடுக்குங்கள். அடித்தட்டு பெரும்பாலும் மெல்லிய தகடு; பலம் காட்டினால் மரை போய்விடும்.

அடித்தட்டையே கழற்றி வடிகட்டியை மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். முதல் முறையில் வேண்டாம் என்பேன். அதன் சிறு போல்ட்களுக்குத் தேவையான இறுக்கம் மிகக் குறைவு, கை பழகாதவர்கள் முறித்துவிடுவார்கள். காஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் கசிவு தொடங்கும். ஆனால் யாராவது கழற்றும்போது பக்கத்தில் நின்று உள்ளே இருக்கும் சிறு காந்தங்களைப் பாருங்கள். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், விரலில் எடுத்தால் மை போலக் குழையும் பூச்சு படிந்திருக்கும். அது இயல்பான தேய்மானம். அதில் ஊசி போன்ற துணுக்குகளோ, வெளிச்சத்தில் மின்னும் சில்லுகளோ இருந்தால் உள்ளே ஏதோ ஓர் உறுப்பு உடைந்துகொண்டிருக்கிறது.

புனலைத் துடைக்க நூல் உதிரும் பழந்துணியைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு நூல் துணுக்குகூட வால்வு பாடிக்கு ஆகாது. அளந்த அளவில் சற்றுக் குறைத்து ஊற்றுங்கள். பிறகு சேர்ப்பது எளிது, எடுப்பது கடினம்.

அளவு பார்ப்பது

எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை அழுத்திக்கொண்டு, பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி மறுபடி பி-க்குக் கொண்டுவாருங்கள். எல்லாக் கிளட்ச் அடுக்குகளிலும் கால்வாய்களிலும் திரவம் நிறைய இது வேண்டும். பிறகு ஒரு சிறு தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். டொயோட்டா சொல்லும் வெப்பம் 70 முதல் 80 டிகிரி. திரவம் சூட்டுக் குறிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால், மேலே இருந்த திரவம் அடித்தட்டுக்கு இறங்கி அளவு கூடுதலாகக் காட்டும். நிறைந்திருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். ஆனால் ஹோண்டாவின் அந்தக் காலப் பெட்டிகளுக்கு விதி நேர்மாறு: சூடாக்கி, எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். எனவே உங்கள் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் உறுப்புகள் திரவத்தை அடித்து நுரையாக்கும். இரண்டின் விளைவும் ஒன்றுதான். பானையில் நுரை மட்டும் இருந்தால் மத்து எவ்வளவு சுழன்றும் பானை திரும்பாது. நுரையால் அழுத்தமும் கொடுக்க முடியாது, கிளட்ச் அடுக்குகள் அரைகுறையாகக் கவ்வி, வழுக்கி, எரியும். எஞ்சினில் அரை லிட்டர் ஆயில் முன்பின் இருந்தால் தப்பித்துவிடலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளில், திரவம் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது ஒரு போல்ட்டைத் திறந்து, மிகுதி வழிந்து சொட்டாக நிற்கும் நேரத்தில் மூட வேண்டும். வெப்பத்தைக் கருவியால் படிக்க வேண்டும், வண்டி நான்கு சக்கரமும் மட்டமாக உயரத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவர் அதை லிஃப்ட் வசதியுள்ள பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது.

பழைய திரவத்தை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். இந்தியாவில் பயன்படுத்திய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது. புதிய திரவம் வந்த டப்பாக்களிலேயே நிரப்பி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் மறுசுத்திகரிப்புக்கு அனுப்புவார்கள். கொடுப்பதற்கு முன் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வடிப்பதை அதன் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், பெட்டியின் உடல்நிலை தேறுகிறதா, இறங்குகிறதா என்று வேறு யாரையும் கேட்காமலேயே தெரியும். நெரிசலில் ஓடும் பழைய காருக்கு அந்த அடுத்த முறையை 40,000 கிலோமீட்டரில் வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுவது என்றால் 60,000 வரை பொறுக்கலாம்.